தர்மினியின் கடவுச்சீட்டு

நவம்பர் 6, 2019. புதன்

லார்னகா விமான நிலையத்திலிருந்து நிக்கோசியாவுக்கு பஸ்ஸில் வந்தேன். வாசலில் டாக்சிக்காரர் இருவர் வலிய வந்து கேட்டார்கள். வலிய வந்து கேட்பவரின் வண்டியில் நான் ஏறுவதில்லை. ஹோட்டலில் மேல்மாடி தந்தார்கள். முதலாம் மாடி கேட்டு மாற்றிக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பின்கட்டுக் கூரையில் இறங்கலாம்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் சில எச்சரிக்கைகள் சொன்னாள். சிப்பாய்களையும் காவலரண்களையும் படம் எடுக்கக்கூடாது. முள்வேலிக்குள் கால் வைக்கக்கூடாது, பழைய கண்ணிவெடி கிடக்கலாம். இங்கே எடுக்கும் வாடகைக் காருக்கு வேலிக்கு மறுபக்கத்தில் காப்புறுதி செல்லாது. எல்லாம் சொல்லிவிட்டு, இது பயமில்லாத ஊர் என்று சிரித்தாள். பயமில்லாத ஊரில் இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வந்த காரியத்தைக் குறித்துவைக்கிறேன். இந்தத் தீவு கிரேக்கர் தெற்கு, துருக்கியர் வடக்கு என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. தங்கை சற்குணத்தின் மகள் தர்மினி வடக்கே பல்கலைக்கழகத்தில் கணக்கியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். இஸ்தான்புல் வழியாக நேரே வடக்கில் வந்து இறங்கியவள். தெற்கு அரசுக்கு அது சட்டவிரோத நுழைவு, அதனால் தெற்கே வர அவளுக்கு வழியில்லை. என்னிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருப்பதால் நான் இரண்டு பக்கமும் போகலாம். அவளுடைய வதிவிட அனுமதி மாதக் கடைசியில் முடிகிறது. அது புதுப்பிக்கப்படாவிட்டால் படிப்பும் போகும், நாட்டில் இருக்கவும் முடியாது.

இதற்கிடையில் விடுதியை விட்டு ஒரு கிழவியின் வீட்டுக்குக் குடிமாறியிருக்கிறாள். வாடகை இல்லையாம். வீட்டு வேலையில் கை கொடுத்தால் போதுமாம். யாழ்ப்பாணத்தில் உடுப்பிட்டியிலிருந்து சற்குணம் லண்டனில் இருக்கும் எனக்குத் தொலைபேசி எடுத்து அழுதாள். "அண்ணை, பிள்ளையை வேலைக்காரியா வைச்சிருக்கினமோ தெரியேல்லை. நீங்கள் ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்றாள்.

வாடகை வாங்காத வீட்டுக்காரியைப் பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை.

நவம்பர் 7, வியாழன்

லெட்ரா வீதியால் நடந்து கடந்தேன். கடைத்தெரு ஒன்றின் நடுவில் இரண்டு சாவடிகள். முதலாவதில் கிரேக்கப் பொலிஸ், பிறகு பூச்சாடி வைத்த வெறும் துண்டு நிலம், அதற்குப் பிறகு துருக்கியப் பொலிஸ். ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு சனம் கடக்கிறது. நான் மட்டும்தான் கைகளை வெளியே தெரிய வைத்துக்கொண்டு நடந்திருப்பேன்.

தர்மினி அந்தப் பக்கம் நின்றாள். மெலியவில்லை. கைகளைப் பார்த்தேன். சூடுபட்ட தழும்பு ஒன்றும் இல்லை.

வீடு ஒடுக்கமான சந்துக்குள். மணியை அழுத்துமுன் கதவு திறந்தது. ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பெயர் நெவின். தர்மினி "நெவின் ஹனும்" என்று கூப்பிடுகிறாள், அது எங்கள் 'அம்மா' போல மரியாதைச் சொல்லாம். மருத்துவிச்சியாக இருந்து ஓய்வுபெற்ற விதவை, எழுபது வயது இருக்கும். ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறாள். எந்தச் சாவடியால் வந்தேன், எத்தனை நாள் நிற்பேன், எந்த ஹோட்டல் என்று வரிசையாகக் கேட்டாள். ஹோட்டலின் பெயரை மாற்றிச் சொன்னேன். நாட்களையும் மாற்றிச் சொன்னேன். விசாரிப்பவருக்கு முழுவதையும் சொல்லாமல் விடுவது எனக்கு ஊரில் பழகியது.

அவளிடம் இரண்டு கைத்தொலைபேசிகள் இருக்கின்றன.

நவம்பர் 8, வெள்ளி

மதியச் சாப்பாடு அங்கே. காய்ந்த கீரையில் கோழி போட்டு ஒரு குழம்பு, எலுமிச்சம்புளி தூக்கல். சமைத்தது தர்மினி. கோப்பைகளைக் கழுவியது கிழவி. நான் இருந்ததால் இருக்கலாம்.

சாப்பிட்டபின் அவள் பலகணிக்குப் போய் யாருடனோ கிரேக்க மொழியில் நீண்ட நேரம் பேசினாள். துருக்கியப் பெண்ணுக்குக் கிரேக்கம் எதற்கு? தர்மினியைக் கேட்டேன். கிழவி பிறந்தது தெற்கே பாபோஸுக்குப் பக்கத்துக் கிராமமாம். சண்டைக்குப் பிறகு இங்கே வந்தவளாம். பழைய அயல்வீட்டுக்காரி இன்னும் பேசுவாளாம். அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது.

முக்கியமான விஷயம் பிறகு வந்தது. தர்மினியின் கடவுச்சீட்டு கிழவியின் மேசை லாச்சிக்குள், பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பிறருடைய கடவுச்சீட்டைப் பூட்டி வைப்பவர்களைப் பற்றி நான் எத்தனையோ செய்திகள் எழுதியிருக்கிறேன்.

"விடுதியிலை ஏஜென்ற் வந்து ரெண்டு பிள்ளையளின்ரை பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பிக் குடுக்கேல்லை மாமா. அதுதான் நானே பூட்டி வைக்கச் சொன்னனான்" என்றாள்.

"சாவி?"

"ரெண்டு இருக்கு. ஒண்டு என்னட்டை."

அந்தச் சாவி எனக்குக் காட்டப்படவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 9, சனி

மழை. சட்டைகள் கழுவிக் காயப்போட்டேன். எதிர்வீட்டுக் கூரையில் ஒருவன் நெடுநேரம் நின்றான். அன்ரனா திருத்த வந்தவன் போலிருந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

தெற்கே நகரப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வேலைக்கு வந்த பெண்கள் கூடுகிறார்கள். சிங்களம், நேபாளம், பிலிப்பைன்ஸ், இடையிடையே தமிழ். புல்லில் துணி விரித்துச் சோற்றுப் பொதி அவிழ்க்கிறார்கள். அங்கேதான் வசீகரனைக் கண்டேன். முப்பத்தைந்து வயது, துப்புரவான சேட்டு. பக்கத்துத் தெருவில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான்.

முன்பின் தெரியாதவனிடம் நான் விஷயத்தைச் சொல்வதில்லை. ஆகவே முதலில் விசாரித்தேன்.

"தம்பி எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம் ஐயா."

"யாழ்ப்பாணத்திலை எவடம்?"

"வடமராட்சிப் பக்கம்."

"கரவெட்டியோ?"

"ஓம் ஐயா, கரவெட்டிதான்."

"அப்ப சம்பந்தர் வாத்தியாரைத் தெரிஞ்சிருக்குமே. வெயிலெண்டாலும் மழையெண்டாலும் சைக்கிளிலை குடையோடை போவார்."

"குடை வாத்தியாரை ஆருக்குத் தெரியாது? அப்பாவுக்கும் அவர்தான் படிப்பிச்சவர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு ஆதாரம் ஒத்துப்போனால் செய்தியைப் போடலாம் என்பது எங்கள் பத்திரிகையில் விதி. ஊரும் வாத்தியாரும் ஒத்துப்போயின. இந்தத் தீவில் இறங்கிய பிறகு முதல் தடவையாக ஒருவனோடு சுவரில் சாயாமல் உட்கார்ந்து கதைத்தேன்.

தர்மினியின் நிலையைச் சொன்னதும் தலையில் கை வைத்தான். வடக்கில் எடுக்கும் பட்டம் வெளியே செல்லாது என்றான். தெற்கே ஒரு கல்லூரியில் சேர்த்துவிடலாம், தனக்குத் தெரிந்த வழக்கறிஞர் கடவுச்சீட்டில் முறையான நுழைவு முத்திரை வாங்கித் தருவார், பிறகு அவள் ராணி மாதிரி லெட்ரா வீதியால் நடந்து வரலாம் என்றான். கடவுச்சீட்டு மட்டும் கையில் வேண்டும். பிள்ளையின் படம் இருக்கிறதா என்றும் கேட்டான். என் தொலைபேசியில் இருந்ததைக் காட்டினேன். தனக்கு அனுப்பச் சொன்னான். அனுப்பினேன்.

நவம்பர் 11, திங்கள்

தர்மினி சுலபத்தில் இணங்கவில்லை. வடக்கில் இறங்கியவர்களுக்குத் தெற்கில் முத்திரை குத்துவதாகத் தான் கேள்விப்படவே இல்லை என்றாள். நீ கேள்விப்படாதது உலகத்தில் நிறைய இருக்கிறது என்றேன். அந்த ஆளை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். எங்கள் பக்கத்து ஊர், கரவெட்டிப் பெடியன் என்றேன்.

கிழவி குறுக்கிட்டாள். வெள்ளிக்கிழமை பல்கலைக்கழக அலுவலகத்தில் அனுமதி புதுப்பிக்க நேரம் எடுத்தாயிற்றாம், தானே கூடப் போகிறாளாம், அதுவரை கடவுச்சீட்டு வீட்டை விட்டுப் போகக்கூடாதாம். எவ்வளவு அக்கறை. இவளுடைய தாய்மாமன் நான், எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு அடுத்தபடி நான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கிழவி என்னோடு பேசாமல் தர்மினியின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை சொல்லட்டும் என்பது போல.

 தர்மினி கழுத்துச் சங்கிலியில் இருந்த சாவியை எடுத்து லாச்சியைத் திறந்தாள். சாவி அவளிடமும் இருந்தது உண்மை.

சந்தையில் தோடம்பழம் வாங்கி, பைக்கு அடியில் கடவுச்சீட்டை வைத்து, மேலே பழங்களை நிரப்பினேன். போர் நாட்களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், ஊருக்குள் பற்றரி இப்படித்தான் ஒளிந்து போகும். இரண்டு சாவடியிலும் என் முகத்தையும் என் சீட்டையும்தான் பார்த்தார்கள். பழத்தை யாரும் தொடவில்லை. கை மறக்கவில்லை என்று ஒரு திருப்தி.

மாலையில் கடையில் வைத்து வசீகரனிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினான்.

நவம்பர் 13, புதன்

வசீகரனிடமிருந்து அழைப்பு இல்லை. வழக்கறிஞர்கள் அப்படித்தான்.

நவம்பர் 14, வியாழன்

இன்றும் இல்லை. பல்லுக்கு இதமாகப் பாண் கிடைக்கும் ஒரு பேக்கரியைக் கண்டுபிடித்தேன். அங்கேயும் வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

காலையில் தர்மினி எடுத்தாள். பல்கலைக்கழகத்தில் நேரம் வந்துவிட்டது, கடவுச்சீட்டு எங்கே என்றாள். பொறுமையாக இரு என்றேன். பின்னால் கிழவியின் குரல் கேட்டது. சத்தம் போடவில்லை, "பாஸ்போட்?" என்று ஒரே ஒரு சொல் கேட்டாள். தர்மினி "நோ" என்றாள்.

மாலையில் வசீகரன் கூப்பிட்டான். கடவுச்சீட்டு லிமாசோலில் வழக்கறிஞரிடம் இருக்கிறது. எல்லாம் சரி, ஆனால் பிள்ளை நேரில் வந்து கையெழுத்து வைக்கவேண்டும்.

"சீட்டு இஞ்சை, பிள்ளை அங்கை. என்னண்டு சாவடியாலை வாறது?" என்றேன்.

"சாவடி ஏன் ஐயா? பிலா எண்டு ஒரு ஊர் இருக்கு, ஐ.நா.வின்ரை நடுத்துண்டுக்குள்ளை. ரெண்டு சனமும் இருக்கினம். அங்காலை வயலுக்கால ஒரு பாதை. என்ரை ஆள் பட்டப்பகலிலை கூட்டிவருவான். நீங்கள் சந்தியிலை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருங்கோ. ஆனா பிள்ளையைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டவேண்டாம்."

கடைசி வசனம் எனக்குப் பிடித்தது. அனுபவமுள்ள பேச்சு. ஊரில் சோதனைச் சாவடியைக் கடக்கும்போது ஒரு குடும்பத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் தெரியாதவர் போலத்தான் நிற்போம். ஒருவர் பிடிபட்டால் மற்றவராவது போய்ச் சேரலாம்.

கடவுச்சீட்டைத் திருப்பித் தர முடியுமா என்றும் கேட்டுப் பார்த்தேன். அவள் வந்தால்தான் அது வெளியே வரும் என்றான். வழக்கறிஞரின் பெயரைக் கேட்டேன். லைன் அறுந்தது.

நவம்பர் 16, சனி

தர்மினியைத் தனியே ஒரு தேநீர்க் கடைக்குக் கூப்பிட்டுத் திட்டத்தைச் சொன்னேன். நேற்று அலுவலகத்தில் கடவுச்சீட்டில்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டார்களாம். சீனிக் கட்டியைப் பிரித்துப் பிரித்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வயல்களில் கண்ணிவெடி இல்லை என்று யார் சொன்னது, பிடிபட்டால் எந்தப் பக்கத்துச் சிறை என்று கேட்டாள். நான் வசீகரன் சொன்னதைச் சொன்னேன்.

"ஒண்டு கேக்கிறன் மாமா. லண்டனிலை இருக்கிற உங்கடை மகளை அந்த வயலுக்கால நடக்க விடுவியளோ?"

பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை எழுதத் தேவையில்லை.

வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்வதாகப் புறப்பட்டாள். வசீகரனுக்கு, அவள் வருவாள் என்று செய்தி அனுப்பினேன்.

நவம்பர் 17, ஞாயிறு

லார்னகா வரை பஸ், அங்கிருந்து டாக்சி. பிலா சிறிய ஊர். சந்தியின் ஒரு பக்கம் கிரேக்கர் தேநீர்க் கடை, மறுபக்கம் துருக்கியர் தேநீர்க் கடை, மேலே ஐ.நா. காவல் மாடம். கிழவர்கள் இரண்டு கடையிலும் ஒரே மாதிரிப் பலகை ஆட்டம் ஆடுகிறார்கள். சுவரோரம் உட்கார்ந்தேன்.

சொன்ன நேரம் போயிற்று. தர்மினி வரவில்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை. வசீகரனும் எடுக்கவில்லை.

பிறகு ஒரு சாம்பல் நிற வான் வண்டி வந்து நின்றது. தோல் அங்கி போட்ட ஒருவன் இறங்கி நேரே என் மேசைக்கு வந்தான். நான் யார் என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அரைகுறை ஆங்கிலத்தில், பெண் எங்கே என்று கேட்டான். வரவில்லை, வழக்கறிஞர் வந்திருக்கிறாரா என்று கேட்டேன்.

"எந்த வழக்கறிஞர்?" என்றான்.

கடற்கரையில் ஒரு இரவு விடுதிக்காரன் வெள்ளிக்கிழமையிலிருந்து காத்திருக்கிறான், படத்தைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டான், இப்போது அவனுக்குத் தான் என்ன சொல்வது என்றான். தன் தொலைபேசியைத் திருப்பிக் காட்டினான். நான் அனுப்பிய படம். தர்மினி பல்கலைக்கழக வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

எழுந்து நின்றேன். ஏதோ சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். பலகை ஆடிய கிழவர்கள் இரண்டு கடையிலிருந்தும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வானில் ஏறிப் போய்விட்டான். இலக்கத்தைக் குறித்துக்கொண்டேன். அதைத்தான் செய்யத் தெரிந்தது.

நவம்பர் 18, திங்கள்

வசீகரனின் கடை பூட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் மரக்கறி விற்கும் சிலாபத்துப் பெண் தமிழ் பேசுவாள். அவன் வெள்ளிக்கிழமையே சாமான் கட்டிவிட்டான் என்றாள். அவன் எந்த ஊர் என்று கேட்டேன். "எங்கடை ஊர்ப் பக்கம்தான். என்னட்டை சிலாபம் எண்டுதான் சொன்னது" என்றாள்.

தெற்குப் பொலிஸில் வானின் இலக்கத்தைக் கொடுத்தேன். அக்கறையாக எழுதிக்கொண்டார்கள். கடவுச்சீட்டு யாருடையது, எந்த வழியால் இந்தப் பக்கம் வந்தது என்று கேட்டார்கள். தோடம்பழப் பையைப் பற்றிச் சொல்லவேண்டி வந்தது.

மதியம் வடக்கே போனேன். இன்று மணியை அழுத்தவேண்டியிருந்தது. நெவின் ஹனும் கதவைச் சங்கிலி போட்டபடி ஒரு கைப்பிடி அளவுக்குத் திறந்தார். தர்மினி வீட்டில் இல்லை என்றார். வாசலில் அவளுடைய செருப்பு கிடந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். மாற்றிச் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஹோட்டலுக்கு எடுத்து, அந்த ஆளை நம்பவேண்டாம் என்று என்னை எச்சரிக்க முயன்றிருக்கிறார். நான் சொன்ன ஹோட்டலில் அப்படி ஒருவர் தங்கவே இல்லை என்று சொன்னார்களாம். ஹோட்டலின் பெயரைப் பொய்யாகச் சொன்னவர், பிள்ளையின் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு போனவர், இப்போது வயல் வழியாகக் கூப்பிடுகிறார். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று என்னைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நேற்று தர்மினியும் அவரும் வடக்குப் பொலிஸில் என்மேல் முறைப்பாடு கொடுத்துவிட்டார்கள். வந்து வாக்குமூலம் தருவேனா என்றார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயை யாரோ மூடுவது கேட்டது.  வருகிறேன் என்றேன். கதவு மூடியது.

நவம்பர் 19, செவ்வாய்

வடக்குச் சாவடியில் என் பெயரை அடித்ததும் அதிகாரி எழுந்து நின்றார். வாகனத்தில் கூட்டிப்போனார்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, தேநீர் தந்தார்கள்.

தர்மினி நெவின் ஹனுமுக்குப் பக்கத்தில் இருந்தாள். என்னை ஒருதரம் பார்த்தாள். மெலிந்திருந்தாள், அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் நிலைமையை விளக்கினார். கடவுச்சீட்டு தொலைந்தது என்றால் விசாரணை நீளும், அதற்குள் அனுமதி முடிந்துவிடும். அது பறிக்கப்பட்டது என்று பறித்தவரே ஒப்புக்கொண்டால், பொலிஸ் பத்திரத்தை வைத்துப் பல்கலைக்கழகம் அனுமதியை நீட்டிக்கும், தூதரகத்திலும் புதியதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒப்புக்கொள்பவர் திரும்ப இந்தப் பக்கம் வர விடமாட்டார்கள்.

வாக்குமூலத்தை வாசித்தேன். அவளுடைய விருப்பமில்லாமல் எடுத்துச் சென்றேன் என்று எழுதியிருந்தது. அது சரியல்ல, அவளே லாச்சியைத் திறந்து தந்தாள் என்றேன்.

"நீங்கள் மாமா எண்டபடியா தந்தனான்" என்றாள் தர்மினி. "விருப்பப்பட்டுத் தரேல்லை. உங்களுக்கு அது தெரியும்."

அறையில் மற்ற எல்லோரும் தமிழ் விளங்காமல் காத்திருந்தார்கள். வாழ்நாளில் ஒரு பொலிஸ் நிலையத்திலும் நான் எதிலும் கையெழுத்து வைத்ததில்லை. வைக்கச் சொன்ன இடத்திலெல்லாம் வைத்தேன்.

வெளியே வரும்போது நெவின் ஹனும் தர்மினியை மறுபுறம் நிறுத்திக்கொண்டு எனக்கும் அவளுக்கும் நடுவில் நடந்தார். தர்மினி என் சட்டைக் கொலரைச் சரிசெய்ய ஒருதரம் கை நீட்டினாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

"கவனமாப் போங்கோ மாமா."

நவம்பர் 20, புதன்

லார்னகா. விமானம் தாமதம். பல்கலைக்கழகம் பொலிஸ் பத்திரத்தை ஏற்றுக்கொண்டது என்று தர்மினியிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. எனக்கு என்று தனியாக ஒரு சொல்லும் இல்லை.

சற்குணத்தை அழைத்து நடந்தது முழுவதையும் சொன்னேன். தோடம்பழத்தையும் படத்தையும் விடவில்லை. அழுது ஓய்ந்த பிறகு கேட்டாள்.

"இனி அவள் அந்த மனுசியோடைதானே இருக்கப்போறாள். நம்பலாமோ அண்ணை?"

"நம்பலாம்."

"எப்பிடித் தெரியும்?"

"திங்கக்கிழமை போனனான். என்னை உள்ளுக்கு விடேல்லை" என்றேன்.